கள்ளுக்கடைக்குள் குடிக்காமல் நின்றவன்

பக்கிரிசாமி கள் குடிப்பதை நிறுத்தியது 1927ஆம் வருஷம், மாசி மாதத்தில். அதில் கம்பெனிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. பிற்பாடு கம்பெனி அச்சிட்ட அறிக்கையில் வேறு விதமாக எழுதியிருந்தாலும் நடந்தது இதுதான்.

ரப்பர் சீட்டுகளைத் தரம் பிரித்து, பெட்டியில் அடைத்து, கப்பலுக்கு அனுப்பும் கம்பெனி அது. கடலுக்கு அக்கரையிலுள்ள ஜார்ஜ் டவுனில், கடற்கரையை ஒட்டி, அதற்கு மூன்று சரக்குக் கிட்டங்கிகள் இருந்தன. கம்பெனியின் பெயர் வேண்டாம். பக்கிரிசாமி அங்கே பெட்டி தூக்குகிறவன். கிட்டங்கியிலிருந்து தொங்கான் படகு வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைக்கவேண்டும். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கவேண்டும். ஆறு வருஷமாக அதைச் செய்தான். தனி ஆட்கள் லைனில், நாற்பது பேர் படுக்கும் நீளமான கொட்டகையில், சுவரோரத்துப் பலகை அவனுடையது. மனைவி குணவதியும் மகள் புஷ்பவள்ளியும் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மகள் பிறந்தது அவன் கப்பலேறிய பிறகு.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் கம்பெனி பத்து அறைகள் கட்டி வைத்திருந்தது. ஓர் அறைக்குப் பக்கிரிசாமி மனுப் போட்டிருந்தான். அறை கிடைக்கும்வரை காத்திருப்பது ஒரு வேலை. அந்த வேலையின் களைப்புக்குத்தான் கள். மூன்று தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தான். மூன்றும் தேர் திரும்பி வருவதற்குள் முடிந்துபோயின.

கம்பெனி வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காஜா மொய்தீன்தான் அவனிடம் சொன்னார்.

"சத்தியம் பெரிய சாமான், தம்பி. ஒன்னால தூக்க முடியல. சின்னதா ஒண்ணு செய். கள்ளுக்கடைக்குப் போகாத அன்னிக்கு படுக்கப் பக்கத்துல கரியால ஒரு கோடு போடு. போன அன்னிக்குப் போடாத. அவ்ளோதான்."

"நடுவுல விட்டுப்போச்சுன்னா அண்ணே?"

"விட்டது விட்டதுதான். மறுநாளு போடு. கோடு என்ன கோவிச்சுக்கவா போவுது?"

முதல் வாரம் இரண்டு கோடு விழுந்தது. அடுத்த வாரம் நான்கு. கள்ளின் வாடை மூக்கில் படாமல் இருக்க, வேலை விட்டதும் சவப்பெட்டி செய்கிற சீனர்களின் சந்து வழியாகச் சுற்றிப் போகப் பழகினான். வைகாசி பிறந்தபோது பலகைச் சுவரில் அறுபத்து மூன்று கோடுகள் இருந்தன. இடையிடையே பல் விழுந்த இடம் மாதிரி வெற்றிடங்களும் இருந்தன. அவன் அவற்றை எண்ணவில்லை. காலையில் கண் விழித்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்வான். காஜா மொய்தீனிடம் ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்லி, குடிப்பதை விட்டுவிட்டதாகத் தெரிவித்தான். அந்தச் சமயத்தில் அறைக்கான பட்டியலில் அவன் பெயர் முதலாவதாக வந்திருந்தது. ஓர் அறை காலியாகவும் ஆயிற்று. அந்தத் தைரியத்தில் கப்பல் டிக்கெட்டும் வாங்கி அனுப்பினான்.

அந்த மாதம்தான் பிரிம்லி துரை சீமையில் விடுமுறை முடிந்து திரும்பி வந்தார். ஆட்களின் நலனுக்கு அவர்தான் அதிகாரி. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தவர் பக்கிரிசாமியின் பலகைக்கு முன்னால் நின்றார். கூடவே வந்த ஆபீஸ் குமாஸ்தா ராமதாஸ் கிராணி பக்கிரிசாமியைக் கூப்பிட்டனுப்பினார். சுவரைக் கெடுத்ததற்கு அபராதம் என்றுதான் அவன் நினைத்து வந்தான்.

"துரை கேக்குறாரு. சுவத்துல என்ன எழுதியிருக்கே?"

"எழுதத் தெரியாதுங்க. கோடு."

"எதுக்குக் கோடு?"

"குடிக்காததுக்குங்க."

இதை ராமதாஸ் கிராணி வெகுநேரம் மொழிபெயர்த்தார். துரை கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கிரிசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

இரண்டு நாள் கழித்து இரண்டு தச்சர்கள் வந்து, கோடு போட்டிருந்த பலகையைச் சுவரிலிருந்து அறுத்தெடுத்துப் போனார்கள். அது கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆபீசில் மாட்டப்பட்டது. சுவரில் பலகை இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. மழை பெய்தால் பக்கிரிசாமி கால்களை மடக்கிக்கொண்டு படுத்தான். ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேட்டபோது, புதிதாக ஆரம்பிக்கப்போகும் இலாகாவில் மனுப் போடச் சொன்னார்கள்.

அந்த இலாகாவுக்கு நற்பழக்க இலாகா என்று பெயர் வைத்தார்கள். ராமதாஸ் தலைமைக் கிராணி. அவருக்குக் கீழே இரண்டு உதவிக் கிராணிகள், ஒரு மேசை, ஓர் ஊதாப் பென்சில். ஆளுக்கொரு அட்டை. அட்டையில் பதினாலு பழக்கங்களும் மாதத்தின் நாட்களும் கட்டம் கட்டமாக அச்சடிக்கப்பட்டிருந்தன. ஆரம்ப விழாவுக்கு ஆட்களை முற்றத்தில் நிறுத்தினார்கள். ரப்பர்ப் பெட்டிகளை அடுக்கிய மேடையில் துரை ஏறிப் பேசினார். ராமதாஸ் தமிழில் சொன்னார்.

"ஒழுங்கு என்பது சிலருக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. எங்களுக்கு அப்படி வந்தது. உங்களுக்கு அட்டை தேவைப்படுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே ஓர் அட்டை வைத்திருக்கிறேன். தினமும் பதினாலு கட்டமும் நிரம்பிவிடுகின்றன. எனக்கு நேரம் கிடைக்காததால் என் பட்லர் அதை எழுதுகிறான். அவன் ஒரு நாள்கூடத் தவறியதில்லை."

கூட்டம் கைதட்டியது. கைதட்டச் சொல்லியிருந்தார்கள்.

கடைசியாகத்தான் அந்த அறிவிப்பு வந்தது. அறைக்கான பழைய பட்டியல் ரத்து. காலியாக இருக்கும் பத்தாம் நம்பர் அறை, நூறு நாள் இடைவிடாமல் அட்டையை நிரப்புகிறவனுக்கு. ஒரு கட்டம் வெள்ளையாக விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

கூட்டம் கலைந்த பிறகு பக்கிரிசாமி மேசைக்குப் போனான்.

"கிராணி அய்யா, எனக்கு அறுவத்தி மூணு கோடு இருக்குங்களே."

"அது கரிக்கோடு. இது ஊதாப் பென்சில்."

"கள்ளு ஒண்ணுதானுங்களே."

"கள்ளு ஒண்ணுதான். கோடு வேற."

அவன் அட்டையை வாங்கிக்கொண்டு போனான்.

முதல் கட்டம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பது. எல்லாக் கட்டங்களுக்கும் இலாகாவின் சாட்சி வேண்டும் என்பது விதி. ராமதாஸ் ஆயர் ஈத்தாமிலிருந்து டிராமில் வந்து சேர எட்டு மணியாகும். அதனால், ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கியிருந்த ஆட்கள் எட்டு மணிக்கு மணி அடித்ததும் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, முற்றத்தில் சாக்கை விரித்துப் படுத்தார்கள். பெயர் கூப்பிடும்போது ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதல் வாரம் சிலர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். எழுப்பி எழுந்தால் அது தானாக எழுந்தது ஆகாது என்று அவர்களுக்குக் கட்டம் மறுக்கப்பட்டது.

குளிப்பதற்கு ஒரு கட்டம். முன்பெல்லாம் வேலை விட்டதும் எல்லாரும் குழாயடியில் குளித்தார்கள். இப்போது பென்சில் ஒன்றுதான் இருந்ததால் பென்சிலுக்கு வரிசை நின்றார்கள். வரிசை முடிவதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிடும்.

"குளிக்க நேரமில்லீங்க," என்று பக்கிரிசாமி ஒருநாள் உள்ளதைச் சொன்னான்.

"குளிச்சியான்னு நான் கேக்கலையே," என்றார் ராமதாஸ். "வரிசையில நின்னியா? நின்னே. கோடு விழுந்துச்சா? விழுந்துச்சு. பின்ன என்ன சூசா, என்ன தொந்தரவு ஒனக்கு?"

ஒன்பதாவது கட்டம்தான் அவனைப் படுத்தியது. கள் அருந்தாமை. ஒருவன் கள் அருந்தவில்லை என்பதைக் கள் இல்லாத இடத்தில் வைத்து எப்படி நிரூபிப்பது என்று இலாகா இரண்டு நாள் யோசித்தது. முடிவில், உதவிக் கிராணி ஒருவரைத் தினமும் மாலை ஆறு மணிக்குக் கள்ளுக்கடையில் உட்காரவைப்பதென்றும், ஆட்கள் அங்கே வந்து, பெயர் கூப்பிட்டதிலிருந்து கால்மணி நேரம் குடிக்காமல் நின்று, கட்டத்தை வாங்கிக்கொண்டு போகவேண்டுமென்றும் உத்தரவானது.

கடையில் பெஞ்சில் உட்காருகிறவர் ஏதாவது வாங்கியாகவேண்டும். அது கடையின் விதி. கடையின் விதியும் இலாகாவின் விதியும் மோதியபோது, உதவிக் கிராணி இரண்டையும் மதித்து நடந்தார்.

பக்கிரிசாமி சந்து வழியாகச் சுற்றிப் போவதை விட்டுவிட்டுத் தினமும் ஆறு மணிக்குக் கள்ளுக்கடைக்குள் போனான். முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால்மணி நேரம் மூச்சைப் பிடிக்க யாராலும் முடியாது. காஜா மொய்தீனிடம் வந்து சொன்னான்.

"சாப்பாட்ட விட்டவன சமையக்கட்டுல நிறுத்துற மாதிரியில்ல இருக்கு," என்றார் அவர். இரண்டு கராம்பை எடுத்துக் கொடுத்தார். "இத வாயில போட்டு அடக்கிக்க. வாடை தெரியாது. நின்னுட்டு வா. வேறென்ன சொல்றது, தம்பி."

கராம்பு கொஞ்ச நாள் உதவியது. நாற்பத்தோராம் நாள், கடைக்காரன் ஆள் தெரியாமல் அவன் முன்னால் ஒரு கோப்பையை வைத்துவிட்டான். நுரை இன்னும் அடங்கவில்லை. அன்று அவன் நூற்றுப் பத்துப் பெட்டி தூக்கியிருந்தான். கை தானாக மேசை வரைக்கும் போயிற்று. பக்கிரிசாமி அந்தக் கையைப் பிடித்து அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டு, உதவிக் கிராணி தலை நிமிரும்வரை நின்றான். கட்டம் விழுந்தது. வெளியே வந்தபோது முதுகு முழுக்க நனைந்திருந்தது.

மற்றவர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. அதுவரை அந்தக் கடைப் பக்கமே வராதவர்கள்கூடக் கால்மணி நேரத்தைச் சும்மா நின்று கழிப்பானேன் என்று ஒரு கோப்பை வாங்க ஆரம்பித்தார்கள். உதவிக் கிராணிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தால் கட்டம் விழுந்துவிடும். இரண்டு மாதம் முடிந்ததும் இலாகா ஓர் அறிக்கை அச்சிட்டது. ஒன்பதாம் கட்டத்தில் ஆட்களின் வருகை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றும், இந்த ஊக்கம் மற்றக் கட்டங்களில் காணப்படவில்லை என்றும் அதில் இருந்தது. எல்லாவற்றிலும் முதலாவதாக நின்றது துரையின் அட்டை. முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தி அவருக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் போட்டார்கள். போட்டவரும் அவர்தான். அந்த நிகழ்ச்சிக்காக ஒரு மணி நேரம் வேலை நின்றதால், தாமதமாகப் போன ஆட்களுக்குக் 'காலந் தவறாமை' கட்டம் விழவில்லை. பாதிப்பேர் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். பக்கிரிசாமி ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கியதால் தப்பினான்.

எண்பதாம் நாள் கடிதம் வந்தது. காஜா மொய்தீன் படித்துச் சொன்னார். குணவதியும் பிள்ளையும் அடுத்த கப்பலில் ஏறுகிறார்கள். வந்து, ஜெரெஜா தீவில் நோய்த் தடுப்புக்காக வைத்திருந்து, பிறகு கரைக்கு அனுப்புவார்கள். விரல் விட்டு எண்ணினான். கரைக்கு வருவது தொண்ணூற்றெட்டாம் நாள் விழுந்தது.

"அன்னிக்கு அரை நாள் லீவு வேணுங்க," என்று ராமதாஸிடம் போய் நின்றான். "சம்சாரம் வருது. ஜெட்டிக்குப் போவணும்."

ராமதாஸ் அட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"பொஞ்சாதிய எதிர்கொண்டு கூட்டிட்டு வர்றது நல்ல காரியந்தான். ஆனா தினசரிப் பழக்கம் இல்லையே, பக்கிரி. கட்டம் கெடையாது."

"கட்டம் வேணாங்க. லீவுதான்."

"மத்தியானம் போ. ஆறு மணிக்குக் கடையில இருந்தாகணும். அதுக்கப்புறம் ரெண்டு நாளுதான். கெடுத்துக்காத."

தொண்ணூற்றெட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு எழுந்து, வரிசையில் நின்று, மத்தியானம் ஜெட்டிக்குப் போனான். படகிலிருந்து இறங்கிய கூட்டத்தில் குணவதியை அவனுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மெலிந்திருந்தாள். தீவில் வைத்து அடித்த மருந்து வாடை சேலையில் இருந்தது. புஷ்பவள்ளி முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, யாரும் சொல்லாமலே வந்து அவன் சுண்டுவிரலைப் பிடித்தாள். அதற்குப் பிறகு விடவில்லை.

"ரூம்பு எங்க?" என்று கேட்டாள் குணவதி.

"இன்னும் ரெண்டு நாள். அதுவரைக்கும் காஜா மொய்தீன் அண்ணன் வீட்டுல இருந்துக்கலாம். சொல்லி வச்சிருக்கேன்."

காஜா மொய்தீனின் மனைவி ஹமீதா அவர்களுக்கு வெந்நீரும் சோறும் கொடுத்தாள். ஐந்தரை மணிக்குப் பக்கிரிசாமி எழுந்தான்.

"கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடுறேன்."

பிள்ளை விரலை விடாமல் கூடவே எழுந்தது. பிரித்தால் அழுதது. ஊரைப் பார்த்தமாதிரியும் இருக்கும் என்று குணவதியும் எழுந்தாள். வேண்டாமென்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் அகப்படவில்லை. மூவரும் நடந்தார்கள். கள்ளுக்கடைக்குப் பத்தடி முன்னால் அவன் நின்றான். கடைக்கு முன்னால் ஆட்கள் அட்டையோடு வரிசையாக நின்றார்கள். உள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. குணவதிக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வாடையே சொல்லிற்று.

"குடிக்கிறத விட்டுட்டேன்னு எழுதினீங்களே."

"விட்டுட்டேன். குடிக்காம இருக்கத்தான் உள்ள போறேன்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"எங்க அப்பாரு நூறு காரணம் சொல்லியிருக்காரு," என்றாள். "இது அவருக்குத் தோணல."

பக்கிரிசாமி அட்டையை எடுத்துக் காட்டி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். வெளியே சொல்லும்போது அது அவனுக்கே வேறு மாதிரி கேட்டது. குணவதி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உள்ள போகாம இருந்தா, குடிச்சதா அர்த்தமா?"

"ஆமா."

"உள்ள போய் நின்னா, குடிக்கல."

"ஆமா."

"பெஞ்சுல உக்காந்து குடிக்கிறாரே, அவரு யாரு?"

"அவருதான் சாட்சி."

அவள் கோபப்படவில்லை. எட்டு நாள் கப்பலிலும் ஏழு நாள் தீவிலும் இருந்துவிட்டு வந்தவளுக்குக் கோபப்படத் தெம்பு இல்லை. "போறதுன்னா போங்க," என்றாள். "நான் பிள்ளையக் கூட்டிட்டு அப்படி ஓரமா நிக்கிறேன்."

உள்ளே பெயர்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பக்கிரிசாமி குனிந்து பிள்ளையின் விரல்களைத் தன் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். இரண்டு விரலைப் பிரித்தான். மூன்றாவதைப் பிரிக்கும்போது முதலாவது மறுபடி வந்து பிடித்துக்கொண்டது. அவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை கொஞ்சம் குழறலாகக் கேட்டது. தொண்ணூற்றெட்டு நாளில் அன்றுதான் கால் இவ்வளவு வலிக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தது. பெயர் அடுத்தவனுக்குப் போனது. பக்கிரிசாமி எழுந்து இருவரையும் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தான். கடற்கரையில் பிள்ளைக்குத் தொங்கான்களைக் காட்டினான்.

மறுநாள் காலை குணவதியும் பிள்ளையும் கூட வர, இலாகாவுக்குப் போனான். ராமதாஸ் அட்டையைத் திருப்பி வைத்தார்.

"ஒம்போதாம் கட்டம் வெள்ளையா இருக்கு."

"நேத்து நான் குடிக்கலீங்க."

"அது எனக்குத் தெரியும். இந்தக் கம்பெனியில குடிக்காத ஆளு நீ ஒருத்தன்தான். ஆனா கட்டம் வெள்ளையா இருக்கு."

"சரிங்க. இன்னொரு நூறு நாள் நிக்கிறேன். அதுவரைக்கும் அந்த ரூம்ப வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

ராமதாஸ் பென்சிலைக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு, வா என்று தலையசைத்து முன்னால் நடந்தார். பத்தாம் நம்பர் அறையின் கதவைத் திறக்கத் தோளால் தள்ளவேண்டியிருந்தது. உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் அட்டைகள். எழுதியவை, எழுதாதவை, கணக்கெடுத்தவை, கணக்கெடுத்ததைக் கணக்கெடுத்தவை. ஒரு மூட்டை சரிந்து அவர்கள் காலடியில் விழுந்தது.

"ஆனி மாசத்துலேருந்து இப்படித்தான்," என்றார் ராமதாஸ். "வைக்க எடமில்ல."

"நூறு நாள் முடிச்சிருந்தா என்னங்க செஞ்சிருப்பீங்க?"

"பாராட்டி அறிவிப்பு ஒண்ணு போட்டிருப்போம்." அவர் குனிந்து அட்டைகளைப் பொறுக்கி உள்ளே தள்ளினார். "எனக்கும் இது ஒண்ணும் வெளங்கல, பக்கிரி. வெளங்கலைன்னு எழுதறதுக்கு இலாகாவுல எடம் இல்ல. நானும் தெனமும் டிராம் ஏறி வர்றேன்."

குணவதி கீழே கிடந்த அட்டை ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அய்யா, இதுல சோறு திங்கிறதுக்குக் கட்டம் இருக்குதுங்களா?"

ராமதாஸ் அதை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். அவர் எழுதிக் கொடுத்து அச்சானதுதான். இருந்தாலும் கீழிருந்து மேலே இன்னொரு தடவை படித்தார்.

"இல்லம்மா."

"அப்ப நாங்க போறோம். பிள்ள இன்னும் பசியாறல."

அந்த மாதத்தோடு பக்கிரிசாமி கம்பெனியை விட்டு நின்றான். காஜா மொய்தீன் சொல்லி, அரிசிக் கிட்டங்கி ஒன்றில் வேலை கிடைத்தது. ஒரு தையல்கடை மாடியில் பாதி அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். மறு பாதியில் தையல்காரரின் துணி மூட்டைகள் இருந்தன. குணவதி காலையில் அப்பம் சுட்டு விற்றாள். இலாகா அந்த வருஷக் கடைசியில் ஒன்பதாம் நம்பர் அறையையும் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அதில் குடியிருந்த குடும்பத்தை எங்கே அனுப்பினார்கள் என்பது தெரியவில்லை.

பக்கிரிசாமி அதற்குப் பிறகு கள்ளைத் தொடவே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். வருஷத்தில் ஓரிரு நாள் குடித்தான். மறுநாள் குடிக்கவில்லை.